விஏ ஆஸ்பத்திரில சோஷியல் வொர்க் சூப்பர்வைசர் ஆகணுமா? லைசென்ஸ்ல இருந்து ஆரம்பிங்க

அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளை நடத்துறது வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் டிபார்ட்மென்ட், எல்லாரும் விஏன்னு சொல்வாங்க. எம்.எஸ்.டபிள்யூ (சோஷியல் வொர்க்ல மாஸ்டர்ஸ்) படிச்சவங்களை இந்த நாட்டுலயே அதிகமா வேலைக்கு வச்சிருக்கிறது இவங்கதான். அப்போ வெட்டரன்ஸ் பீரோன்னு பேரு, 1926-லயே அங்க சோஷியல் வொர்க் ப்ரோக்ராம் ஆரம்பிச்சாச்சு, அதனால இந்த வேலைக்குன்னு அங்க ஒரு பழைய, கறாரான ரூல் புக் இருக்கு. யுஎஸ்ஏஜாப்ஸ்ங்கிற ஃபெடரல் வேலை சைட்ல "சூப்பர்வைசரி சோஷியல் வொர்க்கர், ஜிஎஸ்-12"ன்னு போஸ்டிங் பாத்துட்டு (ஜிஎஸ்ங்கிறது ஃபெடரல் அரசு சம்பள கிரேடு), ஜிஎஸ்-11 லெவல்ல ஒரு வருஷ அனுபவம் போதும்னு ஒரு வரி இருக்கேன்னு சந்தோஷமா அப்ளை பண்றவங்க நிறைய பேர், நாலு வாரம் கழிச்சு "தகுதி இல்லை"ன்னு ஒத்தை வரி மெயில் வந்ததும் ஒண்ணும் புரியாம முழிப்பாங்க. அந்த ஒரு வருஷம் பெரிய விஷயமே இல்ல. அதுக்குக் கீழ லைசென்ஸ் பத்தி ரெண்டு வரி இருக்கும், மேட்டர் பூரா அங்கதான். அதனால இதை வேலையில இருந்து பின்னாடி போய் யோசிக்காம, லைசென்ஸ்ல இருந்து முன்னாடி வர மாதிரி எழுதுறேன்.

மொதல்ல அடிப்படை விஷயங்கள்

விஏ சோஷியல் வொர்க்கர் வேலைக்கு சீரிஸ் நம்பர் 0185. இது "ஹைப்ரிட் டைட்டில் 38"ங்கிற வகையில வருது (டைட்டில் 38ங்கிறது வெட்டரன்ஸ் பத்தின ஃபெடரல் சட்டத் தொகுப்பு), அதாவது டாக்டர், நர்ஸ் மாதிரி முழுசா டைட்டில் 38-ம் இல்ல, சாதாரண ஆபீஸ் வேலை மாதிரியும் இல்ல, நடுவுல. தகுதி எல்லாம் விஏ ஹேண்ட்புக் 5005-ல சோஷியல் வொர்க்கருக்குன்னு இருக்கிற ஜி39 அப்பெண்டிக்ஸ்ல இருக்கு, இதை 2019-ல புதுசா மாத்துனாங்க. போஸ்டிங்ல இருக்கிற தகுதி வாசகம் பெரும்பாலும் அங்கிருந்து அப்படியே எடுத்துப் போட்டதுதான், அதனால ஒரு தடவை அந்த அப்பெண்டிக்ஸைத் தேடிப் படிச்சிட்டீங்கன்னா அப்புறம் எந்த ஊர் போஸ்டிங்கும் பத்து நிமிஷத்துல புரிஞ்சிடும்.

சூப்பர்வைசரோ புதுசா சேர்றவங்களோ, எல்லாருக்கும் வேணும்னு கேக்கிறது இதுதான்: அமெரிக்க சிட்டிசன்ஷிப், கவுன்சில் ஆன் சோஷியல் வொர்க் எஜுகேஷன் (சி.எஸ்.டபிள்யூ.இ) அங்கீகாரம் உள்ள காலேஜ்ல எம்.எஸ்.டபிள்யூ, ஏதாவது ஒரு மாநிலத்தோட லைசென்ஸ், இங்கிலீஷ்ல பேச எழுத வரணும். பி.எச்.டி இருக்கு எம்.எஸ்.டபிள்யூ இல்லன்னா செல்லாது, சோஷியல் வொர்க்லயே டாக்டரேட் வாங்கியிருந்தாலும் மாஸ்டர்ஸ் டிகிரி தனியா இருந்தாகணும். சைக்காலஜி மாஸ்டர்ஸ், கவுன்சலிங் மாஸ்டர்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு விஏல வேற சீரிஸ்ல வேலை இருக்கு, இந்தப் பக்கம் வராதீங்க.

சிட்டிசன்ஷிப் விஷயத்தைக் கொஞ்சம் நேரடியாவே சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஆளுங்க நிறைய பேர் ஹெச்-4ல (ஹெச்-1பி ஆளோட குடும்பத்துக்கான விசா) வந்து, இஏடி (வேலை பெர்மிட்) வாங்கி, அடுத்து என்னன்னு யோசிக்கிறப்போதான் இதைக் கேக்கிறாங்க. தகுதியான சிட்டிசன் யாரும் கிடைக்கலன்னா மட்டும் மத்தவங்களை எடுக்கலாம்னு சட்டத்துல ஒரு வழி இருக்கு, ஆனா பெரிய சிட்டில சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு சிட்டிசன் கிடைக்கலன்னு ஆகறது நடக்கிற காரியமா? கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் (சிட்டிசனைக் கல்யாணம் பண்ணியிருந்தா மூணு) காத்திருக்கணும்னா அந்த நேரத்தை வீணாக்காதீங்க, லைசென்ஸ் மணி நேரம் எல்லாம் அந்தக் காலத்துல வெளி ஆஸ்பத்திரிலயோ ஏஜென்சிலயோ சேத்து வைக்கலாம். அதுலயும் எஸ்.எஸ்.வி.எஃப்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, விஏ பணம் குடுத்து வெளி என்ஜிஓக்கள் வீடில்லாத வெட்டரன் குடும்பங்களுக்கு உதவி பண்றது. அங்க வேலை பாத்தா நீங்க விஏ ஊழியர் இல்ல, ஆனா டெய்லி வெட்டரன்ஸோடதான் பழகுவீங்க, விஏ ஆளுங்களோட போன்லயே இருப்பீங்க. பின்னாடி ரெஸ்யூமேல அது நல்லாவே பேசும்.

ஊர்ல எம்.எஸ்.டபிள்யூ முடிச்சவங்களுக்கு

சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ திருச்சிலயோ எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிட்டு வந்திருந்தா, வெளிநாட்டு சோஷியல் வொர்க் டிகிரியை மதிப்பிடறதுக்கு சி.எஸ்.டபிள்யூ.இலயே ஒரு தனி சர்வீஸ் இருக்கு. மார்க் ஷீட், சிலபஸ், ஃபீல்டு வொர்க் விவரம் எல்லாம் கேப்பாங்க. யுனிவர்சிட்டில இருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கறதுதான் இதுல பெரிய தலைவலி, ஊர்ல தம்பியோ மாமாவோ யாராவது நேர்ல போய் நின்னாத்தான் நடக்கும், அதை இன்னைக்கே ஆரம்பிங்க.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல எம்.எஸ்.டபிள்யூல பாதிப் பேர் எடுக்கிறது ஹெச்ஆர் ஸ்பெஷலைசேஷன், படிச்சு முடிச்சதும் கம்பெனில வேலை கிடைக்கும்னு. மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் எடுத்தவங்களுக்கு இங்க கொஞ்சம் சுலபம். ஹெச்ஆர் எடுத்தவங்களுக்கு டிகிரி சமம்னு பேப்பர் வந்தாலும், கிளினிக்கல் லைசென்ஸுக்கு அப்ளை பண்றப்போ ஸ்டேட் போர்டு கிளினிக்கல் பாடம் எங்கன்னு கேட்டு நிறுத்தலாம். அப்படி இருந்தா விடுபட்ட பாடத்தை மட்டும் படிக்கலாமா, இல்ல இங்க புதுசா எம்.எஸ்.டபிள்யூ சேரலாமான்னு போர்டுகிட்ட எழுதிக் கேட்டு முடிவு பண்ணுங்க, விஏ ஹெச்ஆர்கிட்டயும் ஈமெயில்லயே கேட்டு பதிலை சேவ் பண்ணி வைங்க. போன்ல "பிரச்சனை இல்ல"ன்னு சொன்னதுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. என் அபிப்பிராயம் கேட்டா, வயசு முப்பதுக்குள்ள இருந்து வசதியும் இருந்தா இங்கயே ரெண்டு வருஷம் எம்.எஸ்.டபிள்யூ பண்றது நல்லது, அதுல குறைஞ்சது 900 மணி நேரம் ஃபீல்டு ப்ராக்டிகம் இருக்கும், இங்க ஆஸ்பத்திரி எப்படி ஓடுதுன்னு கத்துக்க அதை விட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

லைசென்ஸ்: மூணு படி, மூணும் வேற வேற

இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. விஏல மூணு விதமான ஆளுங்களைப் பாக்கலாம்.

ஒண்ணு, எம்.எஸ்.டபிள்யூ முடிச்சாச்சு, லைசென்ஸ் இன்னும் வரல. இவங்களை ஜிஎஸ்-9ல மட்டும் எடுக்கலாம், சேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள லைசென்ஸ் வாங்கிடணும், இல்லன்னா அந்த வேலையில இருக்க முடியாது. அதுவரைக்கும் லைசென்ஸ் உள்ள ஒருத்தரோட சூப்பர்விஷன்லதான் வேலை பாக்கணும், நோட்ஸ்ல அவங்க கோ-சைன் போடுவாங்க.

ரெண்டு, மாஸ்டர்ஸ் லெவல் லைசென்ஸ் இருக்கு. இதோட ஜிஎஸ்-9 அளவுக்கு ஒரு வருஷ அனுபவம் இருந்தா ஜிஎஸ்-11. நிறைய பேர் இங்கயே நிம்மதியா ரிட்டயர் ஆகறாங்க, அதுல தப்பே இல்ல.

மூணு, அட்வான்ஸ்டு ப்ராக்டிஸ் லெவல் லைசென்ஸ், அதாவது கிளினிக்கல். சூப்பர்வைசர் வேலைக்கு இது கட்டாயம். இதோட இன்னொரு வாசகமும் ஒட்டிக்கிட்டு வரும்: மத்தவங்க லைசென்ஸ் வாங்கறதுக்கான சூப்பர்விஷனைக் குடுக்கிற தகுதி உங்களுக்கு இருக்கணும். பத்து வருஷம் ஜிஎஸ்-11ல பிரமாதமா வேலை பாத்தவங்க கூட மாஸ்டர்ஸ் லெவல் லைசென்ஸோட நின்னுட்டா இந்த இடத்துல கதவு மூடிடும், எவ்வளவு பெரிய அவார்டு வாங்கியிருந்தாலும் சரி.

கிளினிக்கல் லைசென்ஸுக்கு ஸ்டேட்டுக்கு ஸ்டேட் பேரு வேற. டெக்சாஸ், கலிஃபோர்னியா, நியூயார்க்ல எல்.சி.எஸ்.டபிள்யூ. மாசசூசெட்ஸ், வாஷிங்டன்ல எல்.ஐ.சி.எஸ்.டபிள்யூ. மேரிலாண்ட்ல எல்.சி.எஸ்.டபிள்யூ-சி. நியூயார்க்ல எல்.எம்.எஸ்.டபிள்யூன்னா அது கீழ் படி, கிளினிக்கல் இல்ல. அதனால ஃப்ரெண்டு வேற ஸ்டேட்ல இருந்து சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க, உங்க ஸ்டேட் போர்டு பேஜைத் திறந்து வச்சுக்கிட்டுப் பேசுங்க.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா, உதாரணத்துக்கு ரெண்டு ஸ்டேட். கலிஃபோர்னியாவுல எம்.எஸ்.டபிள்யூ முடிச்சதும் அசோசியேட்டா ரெஜிஸ்டர் பண்ணணும், அப்புறம் 3000 மணி நேரம் சூப்பர்விஷன்ல வேலை, குறைஞ்சது 104 வாரம், கூடவே அந்த ஸ்டேட் சட்டம் பத்தி ஒரு தனி எக்ஸாம், கடைசில ஏ.எஸ்.டபிள்யூ.பி (சோஷியல் வொர்க் போர்டுகளோட சங்கம்) நடத்துற கிளினிக்கல் எக்ஸாம். டெக்சாஸ்லயும் 3000 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்குக் குறையாம, அதுக்குள்ள 100 மணி நேரம் சூப்பர்வைசரோட உக்காந்து பேசின கணக்கு இருக்கணும். ஆக எல்லாம் சரியாப் போனாலே எம்.எஸ்.டபிள்யூக்கு அப்புறம் ரெண்டரை மூணு வருஷம்.

ஃபுல் டைம் வேலை பாத்தா மணி நேரம் தானா சேந்துடும்னு நெனைக்காதீங்க. உங்களை சூப்பர்வைஸ் பண்றவங்க உங்க ஸ்டேட் போர்டு ஏத்துக்கிற ஆளா இருக்கணும், ஃபார்ம்ல வாராவாரம் கையெழுத்து வாங்கிடணும். ரெண்டு வருஷம் கழிச்சு மொத்தமா வாங்கிக்கலாம்னு விட்டா அதுக்குள்ள அவங்க வேற ஊருக்கு மாறிப் போயிருப்பாங்க, ஈமெயிலுக்கு பதிலே வராது. ஸ்கேன் பண்ணி ரெண்டு இடத்துல வைங்க.

"சூப்பர்விஷன் குடுக்கிற தகுதி"யும் ஸ்டேட்டைப் பொறுத்துதான். டெக்சாஸ்ல 40 மணி நேர கோர்ஸ் முடிச்சு போர்டுல அப்ரூவல் வாங்கினாத்தான் லைசென்ஸ் பேருக்குப் பின்னாடி ஒரு "எஸ்" சேரும். கலிஃபோர்னியாவுல லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும், 15 மணி நேர ட்ரெய்னிங் எடுக்கணும். இந்த ட்ரெய்னிங்கை வேலை அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம் தேடாதீங்க, அறிவிப்பு சில சமயம் ஒரு வாரம்தான் திறந்திருக்கும்.

இதுல ஒரு நல்ல சேதியும் இருக்கு. விஏ ஃபெடரல் கவர்மென்ட்ங்கிறதால எந்த ஸ்டேட் லைசென்ஸா இருந்தாலும் எந்த ஊர்லயும் செல்லும், ஒஹையோ லைசென்ஸ் வச்சுக்கிட்டு ஃபீனிக்ஸ் விஏல வேலை பாக்கலாம். வீட்டுக்காரர் வேலைக்காக ஊர் ஊரா மாறுற குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு வெளி ஆஸ்பத்திரில லைசென்ஸ் மாத்தி அலைஞ்சவங்களைக் கேளுங்க. ஆனா நீங்க சூப்பர்வைஸ் பண்ணப் போற ஆள் எந்த ஸ்டேட் லைசென்ஸுக்குப் போறாரோ அந்த போர்டு உங்களை ஏத்துக்குமான்னு தனியாப் பாத்துக்கணும்.

ஜிஎஸ் ஏணி

9, 11 பத்தி சொல்லியாச்சு. 12ல மூணு நாலு பாதை பிரியுது: சீனியர் சோஷியல் வொர்க்கர் (ஸ்பெஷாலிட்டி ஆளு, கிளினிக்கல் லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் அனுபவம் கேப்பாங்க), ப்ரோக்ராம் கோஆர்டினேட்டர், அப்புறம் சூப்பர்வைசர். 13ல பெரிய யூனிட்டோட சூப்பர்வைசர், ப்ரோக்ராம் மேனேஜர். அதுக்கும் மேல போனா சோஷியல் வொர்க் சீஃப், எக்ஸிக்யூட்டிவ்.

பேஷண்ட்டோட உக்காந்து பேசற வேலைதான் உயிர்னு இருந்தா சீனியர் பாதைக்குப் போங்க, கிரேடு அதேதான். சூப்பர்வைசர்னா கெத்துன்னு நெனச்சு வந்துட்டு, லீவ் அப்ரூவலும் பெர்ஃபார்மன்ஸ் அப்ரைசலும் பாத்து வெறுத்துப் போறவங்க உண்டு.

அனுபவம்னு எதைக் கேக்கிறாங்க

போஸ்டிங்ல கே.எஸ்.ஏன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அறிவு, திறமை, ஆற்றல் அப்படின்னு. சூப்பர்வைசருக்கு சாரம் இதுதான்: பல துறை ஆளுங்களை மேற்பார்வை பண்ண முடியுமா, வேலை அளவையும் தரத்தையும் நிர்ணயிச்சு கண்காணிக்க முடியுமா, யூனிட்ல எங்க சிக்கல்னு கண்டுபிடிச்சு சரி பண்ண முடியுமா, மத்த டிபார்ட்மென்ட்டோட எப்படிப் போவீங்க.

படிக்க வெறும் ஆபீஸ் பாஷை மாதிரி இருக்கும். நிஜத்துல அது இப்படித்தான் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணே முக்கால், சேர்ந்து மூணு மாசமான ஜிஎஸ்-9 பொண்ணு உங்க ரூம் வாசல்ல நிக்கிறா. வார்டுல 71 வயசு வியட்நாம் வெட்டரன், இன்னைக்கு டிஸ்சார்ஜ் ஆர்டர் போட்டாச்சு, ஆக்சிஜன் மெஷினோட போகணும், ஆனா அவர் தங்கறது கார்ல. வீடில்லாதவங்களுக்கான ஹட்-வாஷ் டீம்ல போன் எடுக்க மாட்டேங்கறாங்க, பெட் வேணும்னு டாக்டர் அவசரப்படுத்துறார், அந்தப் பொண்ணு கையில ஒரு ஷெல்டர் நம்பர் எழுதின மஞ்சப் பேப்பரோட அழற மாதிரி நிக்கிறா. நீங்களே போனை எடுத்து எல்லாத்தையும் முடிச்சிடலாம், அது நல்ல சோஷியல் வொர்க்கர் பண்றது. சூப்பர்வைசர் பண்றது வேற: அந்த ஷெல்டர்ல கரண்ட் பிளக் பக்கத்துல பெட் தருவாங்களா, ஆக்சிஜன் உள்ள விடுவாங்களான்னு அந்தப் பொண்ணையே கேக்க வச்சு, இல்லன்னு பதில் வந்ததும் அவளையும் கூட்டிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட இது பாதுகாப்பான டிஸ்சார்ஜ் இல்லன்னு காரணத்தோட சொல்லி நிறுத்தி, அதை அவ எழுதற நோட்ல சரியா வர வச்சு கோ-சைன் போட்டு, திங்கக்கிழமை காலைல ஹட்-வாஷ் கோஆர்டினேட்டர்கிட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு பேக்கப் நம்பர் வேணும்னு பேசி ஏற்பாடு பண்றது. இந்த ஒரு சம்பவத்துக்குள்ள மேல சொன்ன நாலு கே.எஸ்.ஏவும் இருக்கு.

பதவியே இல்லாம எப்படி மேற்பார்வை அனுபவம் வரும்னு கேப்பீங்க. எம்.எஸ்.டபிள்யூ இன்டர்ன்களுக்கு ஃபீல்டு இன்ஸ்ட்ரக்டரா இருங்க, லைசென்ஸுக்குத் தயாராகிறவங்களுக்கு சூப்பர்விஷன் குடுங்க, சூப்பர்வைசர் லீவ் போட்டா ஆக்டிங்கா நில்லுங்க, யாரும் தொட விரும்பாத ஒரு பிராசஸை எடுத்து சரி பண்ணுங்க. யூனிட்ல இதுக்கெல்லாம் கை தூக்கற ஆள் குறைவு, அதனால கேட்டா கிடைக்கும்.

வெட்டரன்ஸ் பத்தின அறிவும் வேணும், ஆனா ராணுவத்துல இருந்திருக்கணும்னு இல்ல. சர்வீஸ் கனெக்ஷன்னா என்ன, டிஸ்சார்ஜ் வகையால சலுகை எப்படி மாறும், ராணுவத்துல நடந்த பாலியல் வன்முறை பத்தி ஏன் எல்லார்கிட்டயும் கேக்கிறாங்க, 2022 பேக்ட் ஆக்ட் வந்ததும் நச்சுப் புகை பாதிப்பு பத்தி என்ன மாறுச்சு, தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன் 988-ஐக் கூப்பிட்டு 1 அழுத்தினா யார் எடுப்பாங்க, இதெல்லாம் இன்டர்வியூல சும்மா பேச்சுவாக்குல வரும்.

ரெஸ்யூமே

2025 செப்டம்பர் கடைசில இருந்து ஃபெடரல் ரெஸ்யூமே ரெண்டு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. முன்னாடி ஏழெட்டுப் பக்கம் எழுதுவாங்க, அந்த பழைய யூட்யூப் டிப்ஸ் எதையும் கேக்காதீங்க. ஒவ்வொரு வேலைக்கும் மாசம்-வருஷத்தோட தொடக்கம், முடிவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், விஏலயே இருந்தா கிரேடு, இதெல்லாம் கட்டாயம் வரணும். மணி நேரம் போடலன்னா ஹெச்ஆர் அந்த அனுபவத்தைக் கணக்குல எடுக்காம போகலாம். லைசென்ஸ் முழுப் பேரு, ஸ்டேட், வாங்கின தேதி எல்லாம் முதல் பக்கத்துலயே மேல போடுங்க, "கிளினிக்கல் லெவல், லைசென்ஸ் சூப்பர்விஷன் குடுக்கத் தகுதி உண்டு"ன்னு தெளிவா ஒரு வரி. முதல்ல ஃபைலைப் பாக்கிற ஹெச்ஆர் ஆள் சோஷியல் வொர்க்கர் இல்ல, உங்க ஸ்டேட் லைசென்ஸ் பேரு அவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

"ஸ்டாஃபை மேற்பார்வை செய்தேன், டீமோடு இணைந்து பணியாற்றினேன்" மாதிரி எழுதினா அது எல்லார் ரெஸ்யூமேலயும் இருக்கும். "லைசென்ஸ் இல்லாத 3 பேருக்கு வாரம் 1 மணி நேரம் கிளினிக்கல் சூப்பர்விஷன், நோட்ஸ் கோ-சைன், மூணு பேரும் கெடுவுக்குள்ள லைசென்ஸ் வாங்கினாங்க"ன்னு எழுதினா படிக்கிறவர் நிமிந்து உக்காருவார். உங்க நிஜ நம்பரைப் போடுங்க, இன்டர்வியூல நோண்டிக் கேப்பாங்க.

இன்டர்வியூவும் பேப்பர் வேலையும்

விஏ இன்டர்வியூ பெர்ஃபார்மன்ஸ் பேஸ்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு இல்ல, "எப்போ பண்ணீங்க, என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க. பேனல்ல மூணு நாலு பேர் தலையைக் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பாங்க, முகத்துல ஒரு ரியாக்‌ஷனும் இருக்காது, அது எல்லாருக்கும் ஒரே மாதிரி மார்க் போடறதுக்காக, உங்களைப் பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல. கூட வேலை பாத்த ஃப்ரெண்டை நீங்களே கண்டிக்க வேண்டி வந்த மாதிரி ஒரு கேள்வி கிட்டத்தட்ட நிச்சயம், அதுக்கு ஒரு நிஜ சம்பவம் ரெடியா வைங்க. நம்ம ஆளுங்க இதுல "நாங்க பண்ணோம், டீம் பண்ணுச்சு"ன்னே சொல்லிக்கிட்டிருப்போம், தன்னடக்கம். பேனலுக்கு நீங்க பண்ணது என்னன்னு தெரியணும், "நான்"னு சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

அப்ளிகேஷனோட டிரான்ஸ்கிரிப்ட், லைசென்ஸ் காப்பி, ஏற்கனவே ஃபெடரல் வேலையில இருந்தா எஸ்.எஃப்-50 (உங்க பதவி, கிரேடு காட்டற ஃபார்ம்), ராணுவத்துல இருந்தவங்கன்னா டிடி-214 (ராணுவ டிஸ்சார்ஜ் பேப்பர்), இதெல்லாம் வைக்கணும். வெட்டரன்ஸுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயம்தான். 10-2850சின்னு ஒரு ஃபார்ம் கேப்பாங்க, அதுல உங்க லைசென்ஸ் வரலாறு பூரா எழுதணும், காலாவதியான பழைய லைசென்ஸையும் விடாதீங்க, அவங்க எல்லா போர்டுலயும் சரிபாப்பாங்க. போஸ்டிங்கோட ஃபங்ஷனல் ஸ்டேட்மென்ட் (வேலை விவரம்) கேட்டு வாங்கிப் படிங்க, யார் யாரை எல்லாம் நீங்க பாக்கணும்னு அதுலதான் இருக்கும்.

செலக்ட் ஆனதும் வர்றது டென்டேட்டிவ் ஆஃபர். அதுக்கப்புறம் பேக்கிரவுண்ட் செக், கைரேகை, மெடிக்கல், கிரெடென்ஷியலிங் (டிகிரி, லைசென்ஸ் சரிபாக்கறது) எல்லாம் முடியணும், மாசக்கணக்குல இழுக்கும், ஃபைனல் ஆஃபர் கையில வராம இருக்கிற வேலையை விடாதீங்க. கிரேடும் ஸ்டெப்பும் (ஒரே கிரேடுக்குள்ள இருக்கிற சம்பளப் படி) உங்க ஃபைலைப் பாத்து விஏ முடிவு பண்றது. ஸ்டெப் 1ல போட்டிருந்தா, உங்க அனுபவத்துக்கும் இப்போ வாங்கற சம்பளத்துக்கும் ஆதாரத்தோட அதிகமா கேக்கலாம், ஆனா ஆஃபரை ஒத்துக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும், சேர்ந்த பிறகு கேட்டா ஒண்ணும் நடக்காது. அதே நேரத்துல படிப்புக் கடன் பத்தியும் கேட்டுடுங்க: ஈடிஆர்பின்னு (எஜுகேஷன் டெட் ரிடக்‌ஷன் ப்ரோக்ராம்) ஒரு திட்டம், அஞ்சு வருஷத்துல 200,000 டாலர் வரைக்கும் கடனைத் திருப்பித் தரும், ஆனா எல்லா போஸ்ட்டுக்கும் கிடையாது, அந்த அறிவிப்புலயே அது இருக்கணும்.